இடக்கான பில் ஒன்றை முதலில் எடுங்கள்: தொழிலுக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும் முறை

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவர் போன வருடம் என்னைக் கூப்பிட்டு, மேசைமேல் நான்கு கொட்டேஷன்களைப் பரப்பினார். எல்லாம் மென்பொருள் விற்பவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. “இதில் எதைத் தம்பி வாங்கலாம்?” என்று கேட்டார். நான்கிலும் ஏறக்குறைய ஒரே வரிகள்தான்: பில்லிங், ஸ்டாக், ஜிஎஸ்டி, ரிப்போர்ட், மொபைல் ஆப். விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது.

காரைக்குடி வட்டாரத்தில் சின்னச் சின்னத் தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அப்போதெல்லாம் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “சமீபத்தில் உங்களை ரொம்பத் திண்டாட வைத்த ஆர்டர் எது?”

அண்ணன் யோசிக்கவே இல்லை. கோயம்புத்தூரில் ஒரு வீடு. கூடத்துக்கு 10 அங்குலக் கல்லில் 600 சதுர அடி, திண்ணைக்கு 8 அங்குலக் கல்லில் 200 சதுர அடி. வாங்குகிறவர் சதுர அடியில் கேட்கிறார். பட்டறையிலோ எண்ணிக்கையில்தான் வார்க்கிறார்கள், கூலியும் கல்லுக்கு இவ்வளவு என்றுதான். 10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 வேண்டும். 8 அங்குலம் என்றால் 225. ஆக, கூடத்துக்கு 864, திண்ணைக்கு 450, உடைசலுக்கு மேற்கொண்டு கொஞ்சம். முன்பணம் வாங்கி, இரண்டு லோடாக அனுப்பி முடித்த பிறகு, இன்னும் 40 சதுர அடி வேண்டும் என்று அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. வார்த்து அனுப்பினார். புதுக் கல்லின் சிவப்பு பழைய சிவப்போடு ஒட்டவில்லை.

ஆத்தங்குடிக் கல்லை அறிந்தவர்களுக்கு இது புரியும். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கும் கல் அது. சூளை கிடையாது, எல்லாம் கைவேலை. ஒரு நாள் கலக்கிய சிவப்பு மறுநாள் அச்சு அசலாக அப்படியே வராது. அதனால் ஒரு வீட்டுக்குப் போகும் கல் எல்லாம் ஒரே கலவையாக இருக்க வேண்டும், எந்தக் கலவை எவ்வளவு மிச்சம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

“இந்த ஒரு ஆர்டரை நாலு பேரையும் நம் கண்முன்னால் அவரவர் மென்பொருளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் அண்ணே” என்றேன். மென்பொருளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பாதிக்கு மேல் இதுதான். நான் பார்த்தவரை பலரும் செய்யாமல் விடுவதும் இதுதான்.

நிறுவன மென்பொருள் என்பது எது?

பில் போடும் மென்பொருள் பில் போடும். நிறுவன மென்பொருள் அந்த ஒரு பில்லை வைத்துக்கொண்டு மற்ற இடங்களையும் தானாகத் திருத்தும். இங்கே விற்றால் அங்கே ஸ்டாக் குறையும், வாடிக்கையாளரின் பாக்கி ஏறும், ஜிஎஸ்டி கணக்கில் வரி சேரும், சிமெண்ட் குறைந்துவிட்டது என்று வாங்குகிறவருக்குத் தகவல் போகும். எல்லாருக்கும் ஒரே கணக்குப் புத்தகம். இந்த வகைக்கு ஈஆர்பி என்று பெயர். வாடிக்கையாளர் தொடர்புக்கு மட்டும் என்றால் சிஆர்எம், சம்பளம், விடுமுறை, ஆட்கள் விவரத்துக்கு எச்ஆர் மென்பொருள். தனித்தனியாகவும் வாங்கலாம், சேர்த்தும் வாங்கலாம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் வெளிநாடு, போன காலத்தில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கடல் கடந்து கடைகள் இருந்தன. 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள். முதலாளி இங்கே ஊரில் இருப்பார். அங்கே கடையைப் பொறுப்பெடுத்து நடத்தும் மேலாள், அவருக்குக் கீழே உதவிக்கு அடுத்தாள், பெட்டியடிப் பையன். மேலாள் மூன்று வருடத் தவணை முடிந்து திரும்புவார், வேறொருவர் போவார். ஆள் மாறினாலும் கணக்கு மாறாது. சிட்டை (அன்றாடக் குறிப்பு), பேரேடு (ஆள்வாரிக் கணக்கு), ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் சுருக்கம்) என்று எந்த ஊர்க் கடையிலும் ஒரே முறையில்தான் எழுதினார்கள். அதனால்தான் இங்கே உட்கார்ந்து அங்கேயிருந்து வந்த கணக்கைப் படித்தவுடன் நிலவரம் தெரிந்தது. எல்லா இடத்திலும் ஒரே முறை, ஆள் மாறினாலும் ஓடும், தலைமை இடத்தில் ஒரே பார்வையில் தெரியும். ஈஆர்பி செய்ய வேண்டியதும் இதேதான். கப்பலில் வந்தது இப்போது நொடியில் வருகிறது.

இன்னொரு விஷயத்தையும் அந்தக் கடைகளிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் எந்த ஊரில் பார்த்தாலும் ஒரு மெய்யப்பன், ஒரு முத்தையா, ஒரு வள்ளியப்பன். அதனால் வெறும் பெயரால் கணக்கு வைக்க முடியாது. முதலெழுத்துகள் சேர்ந்த விலாசம்தான் கடைக்கு அடையாளம். உங்கள் மென்பொருளிலும் இதே சிக்கல் வரும். ஒரே வாடிக்கையாளர் ‘முத்தையா’, ‘முத்தையா காரைக்குடி’, ‘முத்தையா கட்டடம்’ என்று மூன்று பெயரில் ஏறியிருந்தால், அவருடைய பாக்கி மூன்று துண்டாகக் கிடக்கும். எந்த மென்பொருளும் அதைத் தானாக ஒட்டவைக்காது. ஆளுக்கு ஒரு குறியீடு, சரக்குக்கு ஒரு குறியீடு என்று பட்டியலைச் சுத்தம் செய்வதை மென்பொருள் வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். எது வாங்கினாலும் அது பயன்படும்.

கடைப் பேச்சைக் காகிதத்தில் எழுதுவது

கொட்டேஷன் வாங்கும் முன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததிலிருந்து பணம் கைக்கு வரும்வரை என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். யார் போனை எடுக்கிறார், எதில் குறிக்கிறார், யாரிடம் சொல்கிறார், எங்கே நிற்கிறது. முதலாளி மட்டும் எழுதினால் பாதிதான் வரும். பட்டறையில் கல் எண்ணுகிறவரையும், கணக்குப்பிள்ளையையும், லாரி ஏற்றுகிறவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அண்ணனின் பட்டறையில் அப்படி உட்கார்ந்தபோதுதான், உடைசலை யாருமே எங்கேயும் எழுதுவதில்லை என்பது தெரிந்தது.

எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். இது இல்லாவிட்டால் தொழிலே நிற்கும் என்பவை ஒரு பக்கம், இருந்தால் நல்லது என்பவை இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் பத்துக்கு மேல் போனால் இன்னொரு முறை யோசியுங்கள். அதில் ஒன்று இல்லாத மென்பொருளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அப்போதே விட்டுவிடலாம். மிச்சமிருப்பதற்கு மட்டும், ஒவ்வொரு தேவைக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை முக்கியத்துவம் கொடுத்து, மென்பொருள் அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதற்கும் ஒன்றிலிருந்து ஐந்து போட்டு, இரண்டையும் பெருக்கிக் கூட்டுங்கள். இந்தக் கணக்கை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. கூட்டுத்தொகையில் இரண்டாவதாக வந்தது மனத்துக்குப் பிடித்திருந்தால், ஏன் பிடித்திருக்கிறது என்று யோசிக்க அது ஒரு சாக்கு.

சந்தையில் என்னென்ன இருக்கிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மாறிக்கொண்டே இருக்கும் விஷயம். நம் பக்கத்தில் கணக்கு என்றாலே டேலிதான். 1986-ல் தொடங்கிய பெங்களூர் நிறுவனம் அது, தெரிந்த கணக்காளர்கள் எங்கும் கிடைப்பார்கள். சென்னையில் வேர்விட்டுத் தென்காசிவரை அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, கணக்கு, சிஆர்எம், எச்ஆர் என்று தனித்தனிச் சேவைகளாகத் தருகிறது. பெரிய நிறுவனங்கள் எஸ்ஏபி, ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் பக்கம் போவார்கள். எஸ்ஏபி 1972-ல் ஜெர்மனியில் ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் தொடங்கியது, சிறிய நிறுவனங்களுக்கென்று பிசினஸ் ஒன் என்ற பதிப்பும் வைத்திருக்கிறது. பெல்ஜியத்தின் ஓடூவும், மும்பையிலிருந்து வரும் ஈஆர்பிநெக்ஸ்ட்டும் திறந்த மூல வகை, அதாவது நிரலை யாரும் எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஓடூவில் அடிப்படைப் பதிப்பும், ஈஆர்பிநெக்ஸ்ட் முழுவதும், லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. நிறுவித் தர, பராமரிக்க ஆள் வேண்டும், அதற்குக் காசு.

எது பெரியது, எது பிரபலம் என்பது உங்களுக்கு முக்கியமில்லை. உங்கள் அளவில், உங்களை மாதிரித் தொழிலில் இருக்கும் ஒருவர் அதை ஒரு வருடமாவது ஓட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் கடைக்கே போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் “நல்லாருக்கு” என்று முடித்துவிடுவார்கள். நேரில் போனால், மென்பொருளுக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருக்கும். அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தால் போதும், மென்பொருள் எதைச் செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

டெமோ அன்று

டெமோவுக்கு வருபவர் தன் சரக்கைத்தான் காட்டுவார். அதில் ‘ஐட்டம் ஒன்று, ஐட்டம் இரண்டு’ எல்லாம் அழகாக ஓடும். அதை மரியாதையாகப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, உங்கள் பில்லை எடுத்து வையுங்கள். முன்னாடியே அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கும் தயாராக நேரம் கிடைக்கும்.

அண்ணன் வீட்டு முகப்பில் நான்கு டெமோவும் நடந்தன. மென்பொருளில் தினமும் உட்காரப் போகிற கணக்குப்பிள்ளையை முன்னால் உட்காரவைத்தோம், மவுஸ் அவர் கையில். முதல் மென்பொருளில் சதுர அடியை எண்ணிக்கையாக மாற்ற முடிந்தது, ஆனால் ஒரு சரக்குக்கு ஒரு விகிதம்தான். 8 அங்குலமும் 10 அங்குலமும் வேறு வேறு சரக்காக ஏற்ற வேண்டியிருந்தது. அது பரவாயில்லை. இரண்டாவதில் கலவை எண்ணைக் குறிக்க இடமே இல்லை. ‘ரிமார்க்ஸில் எழுதிக்கலாம்’ என்றார் வந்தவர். ரிமார்க்ஸில் எழுதியதைத் தேடி எடுக்க முடியாது, ஸ்டாக்காகக் கூட்ட முடியாது. எனக்கு அது போதும், வேண்டாம் என்று சொல்ல. மூன்றாவது எல்லாம் செய்தது, ஆனால் ஒரு லோடுக்கு டெலிவரி சீட்டு போட ஏழு திரை தாண்ட வேண்டியிருந்தது. நான்காவதில் கலவை வாரியாக மிச்சம் காட்டியது, முன்பணத்தை இரண்டு பில்லுக்கும் பிரித்துக் கழித்தது, உடைசலுக்குத் தனி இடம் இருந்தது. தமிழில் சரக்குப் பெயர் அடித்தால் பிரிண்ட்டில் கட்டம் கட்டமாக வந்தது. அதைச் சரிசெய்து காட்டிய பிறகுதான் அடுத்த பேச்சு என்று சொல்லி அனுப்பினோம். பத்து நாளில் சரிசெய்துகொண்டு வந்தார்கள்.

இண்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டும் பாருங்கள். கிளவுட் என்றால் உங்கள் கணக்கு அவர்களுடைய கணினியில் இருக்கும், நீங்கள் இணையம் வழியாகப் பார்ப்பீர்கள். எங்கிருந்தும் பார்க்கலாம், பேக்கப் கவலை குறைவு. ஆனால் ஊர்ப்பக்கம் மழைக்காலத்தில் லைன் போனால் லாரி வாசலில் நிற்கும்போது பில் போட முடியுமா என்பது தெரிய வேண்டும்.

சட்டம் கேட்பவை

இதில் பேரம் கிடையாது. வருட விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போயிருந்தால், வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு ஈ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்த வரம்பு. சரக்கு வண்டியில் போனால் ஈ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணு அனுமதிச் சீட்டு): மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சத்துக்கு மேல். மென்பொருளிலிருந்தே இவை போக வேண்டும், இல்லையென்றால் ஒரே விவரத்தை இரண்டு முறை அடிப்பீர்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் காக்கும் கணக்கு மென்பொருள்தான் பயன்படுத்த வேண்டும். தனிநபர் நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இருந்தாலும் அது இருப்பதையே நான் விரும்புவேன்.

வரி விகிதம் மாறினால் எவ்வளவு சீக்கிரம் மாற்றித் தருவார்கள் என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று, தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், பாக்கெட்டில் அடைத்து விற்கும் காரவகைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமானது. காரைக்குடியில் முறுக்கும் சீடையும் மனகோலமும் செய்து ஊர் ஊராக அனுப்பும் ஆச்சி ஒருவர், முந்தின இரவே புது விகிதத்தை ஏற்றி, காலை முதல் பில்லைச் சரியாகப் போட்டார். அதே தெருவில் இன்னொரு கடையில் நான்கு நாள் கையால் பில் எழுதினார்கள், மென்பொருள்காரர் போனை எடுக்கவில்லை. கொட்டேஷனில் ‘சப்போர்ட் உண்டு’ என்று ஒரு வரி இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அந்த நம்பருக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.

விலை

முதல் நாள் விலையைப் பார்க்காதீர்கள், ஐந்து வருட விலையைப் பாருங்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கிளவுட் மென்பொருள், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய், ஆறு பேர். வருடம் 72,000, ஐந்து வருடத்துக்கு 3,60,000. இன்னொன்று ஒரே தடவை 1,50,000, இரண்டாம் வருடத்திலிருந்து ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்) 30,000, சொந்தமாகச் சர்வர் வாங்க 80,000. ஐந்து வருடத்துக்கு 3,50,000. முதல் வருடம் பார்த்தால் முதலாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஐந்தாம் வருடம் இரண்டும் ஒன்றுதான். பழைய கணக்கை ஏற்றித் தர, ஆட்களுக்குப் பழக்கித் தர, மாற்றி எழுத என்று தனித்தனிக் கட்டணங்கள் இதற்கு மேல். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் கூடினால் எவ்வளவு, வருடா வருடம் எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள் என்பதையும்.

அப்புறம், விட்டுவிட்டு வெளியே வர வேண்டியிருந்தால்? உங்கள் வாடிக்கையாளர் பட்டியல், ஸ்டாக், எல்லாப் பில்லும் எக்ஸெல்லாக எடுக்க முடிகிறதா என்று டெமோவிலேயே எடுத்துப் பாருங்கள். பெண் கொடுக்கும்முன் வீடு பார்ப்பது மாதிரி இதுவும்.

மென்பொருளை நமக்காக மாற்றுவதா, நாம் மாறுவதா

எந்த மென்பொருளும் நூற்றுக்கு நூறு பொருந்தாது. பொருந்தாத இடத்தில் ‘மாற்றி எழுதித் தருகிறோம்’ என்பார்கள். இங்கே நிதானம் வேண்டும். ஜெர்மனியின் லிடில் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2011-ல் எஸ்ஏபிக்கு மாறத் தொடங்கியது. ஸ்டாக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம், மென்பொருளோ சில்லறை விலையில் மதிப்பிடுவது. வழக்கத்தை விட மனமில்லாமல் மென்பொருளை மாற்ற மாற்ற வேலை நீண்டது. ஏழு வருடம் கழித்து, சுமார் 50 கோடி யூரோ செலவழிந்த பிறகு, 2018-ல் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். எதையும் மாற்றக் கூடாது என்பதல்ல. வாடிக்கையாளர் எதற்காக நம்மிடம் வருகிறாரோ, அந்த வழக்கத்துக்காக மென்பொருளை மாற்றலாம். அண்ணன் பட்டறையில் கலவை எண் அப்படிப்பட்டது. பில் நம்பருக்கு முன்னால் தாத்தா காலத்து எழுத்து வர வேண்டும், பாக்கிப் பட்டியல் இந்த வரிசையில்தான் வேண்டும் என்பதெல்லாம் பழக்கம். இரண்டு மாதத்தில் கை பழகிவிடும்.

எப்போது மாறுவது

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில் புதிய மென்பொருளை ஒரே மூச்சில் இயக்கிவிட்டது. அவர்களுடைய பெரிய பருவமான ஹாலோவீன் அக்டோபர் கடைசியில். கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் போனது. பலகார ஆச்சிக்கு இது ஆவணியில் மாறித் தீபாவளியைச் சந்திப்பது மாதிரி. தொழில் மந்தமாக இருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் 1 கணக்குக்கு வசதி, ஆனால் உங்களுக்கு அது கல்யாண சீசனாக இருந்தால் ஜூலையே நல்லது. ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். இரட்டை வேலைதான், ஆட்களுக்கு அந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணன் ஆனி மாதத்தில் மாறினார். முதல் நாள் காலை பட்டறைக் கல் முழுவதையும் எண்ணி, அடுக்கு அடுக்காகச் சாக்பீஸில் எழுதி, கணக்குப்பிள்ளை ஏற்றினார். வார முடிவில் திரும்ப எண்ணியபோது கணக்கில் இருந்ததைவிடப் பட்டறையில் 412 கல் அதிகம். எல்லாருக்கும் குழப்பம். தேடிப் பார்த்தால், எண்ணிய அன்றைக்குத் தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த கல்லை யாரும் எண்ணவில்லை. அன்று சாயங்காலமே மென்பொருளில் ‘தொட்டி’ என்று தனியாக ஒரு கிடங்கைத் திறந்தார்கள்.